சனிக்கிழமை ஒயின்

“மூணாவது கிளாஸுக்கே முகம் வெளுத்துப் போச்சே, தம்பி! பழக்கமில்லையோ?” என்று சிரித்தார் அவளுடைய அப்பா.

அவன் நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டான். “இந்த மாதிரிப் பழக்கமே இல்லீங்க” என்றான். அது சத்தியமான வார்த்தை.

பெண் கேட்டு வந்த இடம். அவளுடைய அப்பா பயணிகள் கப்பலில் ஆயுசு முழுக்க ஒயின் பரிமாறி ஓய்வு பெற்றவர். துறைமுகம் துறைமுகமாகச் சேர்த்த பாட்டில்கள் சாப்பாட்டு மேஜையில் வரிசைகட்டி நின்றன. மாலை வெயில் அவற்றுக்குள் புகுந்து வெள்ளை விரிப்பின் மேல் பச்சைப் பச்சையாக விழுந்தது.

‘தம்பி’ என்ற அந்தச் சொல்தான் அவனை உறுத்தியது. அவள் முன்பே எச்சரித்திருந்தாள். “அப்பா தம்பின்னு கூப்பிடற வரைக்கும் நீங்க வெறும் விருந்தாளி. மாப்பிள்ளைங்கற வார்த்தை அவர் வாயால வரணும். வந்துட்டா எமனே வந்து கேட்டாலும் மாத்த மாட்டார்.”

இன்னொன்றும் சொல்லியிருந்தாள். “வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு இருக்கற ஒரே சந்தோஷம் இந்தச் சனிக்கிழமை ஒயின்தான். கிளாஸைச் சுத்துங்க, மோந்து பாருங்க, மனசுல பட்டதைச் சொல்லுங்க. கேள்வி மட்டும் கேட்டுடாதீங்க. போன தடவை என்னைப் பார்க்க வந்த பல் டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடினார்!”

அவனோ ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவன். இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லியே பழகிய நாக்கு. பிரான்ஸ் பாட்டிலுக்கு “நல்லா இருக்கு” என்றான். இத்தாலிக்கு “ரொம்ப நல்லா இருக்கு” என்றான். தென்னாப்பிரிக்காவுக்கு மண்டையை மட்டும் ஆட்டினான்.

“என்ன இது, லேப் ரிப்போர்ட்டா?” என்று நொடித்தாள் அத்தை. அப்பாவின் தங்கை, எந்த நாட்டு ஒயினிலும் ஈரமண் வாசனை பிடிப்பவள். “அண்ணா, இந்தத் திராட்சை மழையில நனைஞ்சது. சத்தியம் பண்றேன்.”

“உனக்கு எதைக் குடுத்தாலும் மழைதான். இது பீப்பாய் வாசனை!”

“அப்போ பீப்பாய் நனைஞ்சிருக்கும்.”

“ரெண்டு பேரும் நிறுத்தறீங்களா?” என்றாள் அம்மா. “போன வாரத்தைவிட இன்னைக்குப் புளிச்சிருக்கு. ஒழுங்கா மூடி வைங்கன்னா யார் கேக்கறா?”

சண்டை சூடுபிடித்ததில் அத்தையின் முழங்கை இடித்து அவன் கிளாஸ் உருண்டது. “ஐயையோ!” என்று பதறி அத்தையே நிமிர்த்தி வைத்தாள். வெள்ளை வெளேரென்றிருந்த விரிப்பை ஒருமுறை நீவிவிட்டு, “போகட்டும், திருஷ்டி கழிஞ்சுது” என்றாள்.

“சிலி,” என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி. நாலாவது பாட்டிலைக் கைக்குழந்தைபோல எடுத்து, சாய்த்து, முடிவில் மணிக்கட்டை லேசாகத் திருப்பி நிமிர்த்தினார். “நான் கப்பல்லேர்ந்து இறங்கி, இவ அம்மாகிட்ட கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கின அன்னைக்குத் திறந்தது. சொல்லுங்க தம்பி. என்ன தெரியுது?”

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். எதிரில் இருந்த அவள் கண்ணாலேயே கும்பிட்டாள்.

அவன் கிளாஸைச் சுற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கடவுளே, இதில் என்ன இருக்கிறதென்று சொல்வது? தொழில் தர்மம் தடுத்தது. அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

“மழை வரப்போகுது. மொட்டைமாடிக்குத் துணி எடுக்க ஓடறோம்,” என்று ஆரம்பித்தான். “ஒரே போர்வை. அவ ஒரு முனை, நான் ஒரு முனை. அந்த வாசனை வருதுங்க. அப்புறம் நாக்குல ஒரு சின்னக் கசப்பு. சண்டை போட்ட கசப்பு இல்ல. சிரிச்சுச் சிரிச்சுத் தொண்டை காஞ்சுபோச்சுன்னா வருமே, அது. கடைசில... கரை தெரிஞ்சிடுச்சுங்கற மாதிரி ஒரு நிம்மதி.”

“மழைன்னார் பாத்தியா!” என்று அத்தை வெற்றியோடு முணுமுணுத்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா எழுந்து வந்து அவனை அப்படியே கட்டிக்கொண்டார்.

“இன்னொரு ரவுண்டு ஊத்தறேன், மாப்பிள்ளை!”

எதிரில் அவள் நாற்காலியோடு துள்ளினாள்.

“ஒண்ணும் வேண்டாம்,” என்று அம்மா பாட்டிலைப் பிடுங்கினாள். “உங்களுக்கு நாலாச்சு, போதும். மாப்பிள்ளை, நீங்களும் வண்டியை இங்கேயே விட்டுட்டு டாக்சியில போங்க. குடிச்சிட்டு ஓட்டக் கூடாது.”

“சரிங்கம்மா” என்றான் அவன் பவ்யமாக. எழுந்து நின்றபோது கால் நிஜமாகவே கொஞ்சம் தள்ளாடியது.

வாசல்வரை வந்து வழியனுப்பிய அப்பா, அவன் தோளைத் தட்டினார்.

“நீங்கதான் ஒயின் தெரிஞ்ச மனுஷன், மாப்பிள்ளை. அந்தப் பல் டாக்டர் உட்கார்ந்ததும் உட்காராததுமா, ‘கிளாஸ்ல ஒண்ணுமே இல்லையே?’ங்கறான்!”