கனம் கீழே இருக்கட்டும்

“பெட்டிய எதுக்குய்யா இறக்குற? ரெண்டு மணிக்குக் கப்பல் கிளம்புது!”

சிவஞானம் கத்தியதை டிரைவர் கோவிந்தராஜ் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவன் டீ குடித்து வருவதற்குள் சிவஞானம் ஆள் வைத்து ஜீப்பின் கூரைமேல் கட்டியிருந்த இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் தேங்காய் மூட்டையையும் இறக்கி, உள்ளே தரையில் அடுக்கினான்.

“யுத்தகாலத்து வண்டி சாப். உயரம் ஜாஸ்தி, அகலம் கம்மி. தலையில கனம் ஏத்துனா வளைவுல சாஞ்சுடும்.”

அதோடு விட்டானா? பின் டயரில் காற்று குறைவு என்று பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சிவஞானம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சட்டைப் பையில் நேற்று வந்த தந்தி இருந்தது. ‘அம்மா கவலைக்கிடம். உடனே புறப்படு.’ இந்தக் கப்பலை விட்டால் மெயின்லேண்டுக்கு அடுத்தது பதினெட்டு நாள் கழித்துத்தான். அந்தமானுக்கு வேலைக்கு வந்து நாலு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் ஒரு சாக்குச் சொல்லி ஊருக்குப் போகாமலே இருந்துவிட்டார். இப்போது நினைக்க நினைக்க அழுகை வந்தது.

கராச்சர்மா கிராமத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நின்றுபோன ஒரு வண்டிக்குப் பக்கத்தில், கழுத்துவரை பட்டன் போட்ட மழைக்கோட்டில் ஒரு கனத்த மனிதர் கை காட்டினார்.

“கப்பல் ஜெட்டிக்குப் போகணும்ப்பா. என் வண்டி மக்கர் பண்ணிடுச்சு.”

“ஏறுங்க. ஆனா கீழதான் உக்காரணும்” என்றான் கோவிந்தராஜ்.

‘என் வாடகை வண்டியில் இவன் ஆள் ஏற்றுகிறானே!’ என்று சிவஞானம் பல்லைக் கடித்தார். அந்த மனிதரோ மறுபேச்சுப் பேசாமல் தரையில் உட்கார்ந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டார்.

ஒவ்வொரு வளைவிலும் ஜீப் ஊர்ந்தது.

“மிதிய்யா! உன் அம்மாவா இருந்தா இப்படித்தான் ஓட்டுவியா?”

கோவிந்தராஜ் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மழைக்கோட்டுக்காரர்தான் நிமிர்ந்து பார்த்தார். “பதறாதீங்க தம்பி. கப்பல் உங்கள விட்டுட்டுப் போகாது.”

“நீங்க சொன்னா கப்பல் நிக்குமா?” என்று சிவஞானம் எரிந்து விழுந்தார்.

அடுத்த வளைவில் எதிரே ஒரு மர லாரி பாதையை அடைத்துக்கொண்டு வந்தது. கோவிந்தராஜ் ஓரத்துக்கு ஒடித்தான். சேற்றில் ஒரு பக்கம் இறங்கி, ஜீப் பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தது. சிவஞானம் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நொடி தயங்கிய வண்டி, பொத்தென்று பழையபடி நாலு சக்கரத்தில் உட்கார்ந்தது.

“பெட்டி மட்டும் மேல இருந்திருந்தா...” என்றான் கோவிந்தராஜ்.

“சரியாத்தான் செஞ்சிருக்கே. கனம் கீழ இருக்கட்டும்” என்றார் தரையில் இருந்தவர்.

அதற்குப் பிறகு சிவஞானம் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மறு கை தந்தியைத் தொட்டுக்கொண்டே இருந்தது.

ஜெட்டிக்கு வந்தபோது இரண்டே கால். சங்கு ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் கப்பல் கிளம்பாமல் நின்றிருந்தது, ஏணியையும் எடுக்கவில்லை. சிவஞானம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவருக்குப் பின்னால் வந்த மனிதர் மழைக்கோட்டைக் கழற்றினார். உள்ளே வெள்ளை யூனிபாரம், தோளில் தங்கப் பட்டை.

“பைலட் சாப் ஆ கயே! வந்துட்டாரு!” மேல்தட்டிலிருந்து ஒரு குரல் கத்தியது. “ஏணியத் தூக்கத் தயாராகுங்க!”

சிவஞானம் அப்படியே நின்றுவிட்டார். துறைமுகத்திலிருந்து கப்பலை வழிகாட்டி வெளியே ஓட்டிக்கொண்டு போக இந்தப் பைலட் ஒருவர்தான் இருக்கிறார். அவர் ஏறாமல் அது ஓர் அடி நகராது.

“வாங்க தம்பி, அம்மா காத்திருப்பாங்க” என்று பைலட் தோளைத் தொட்டபோதுதான் சிவஞானத்துக்கு உறைத்தது: வழியெல்லாம் தாம் கேட்ட வேகத்துக்குக் கோவிந்தராஜ் இணங்கியிருந்தால், அந்தப் பள்ளத்தில் கவிழ்ந்திருப்பது ஜீப் மட்டுமல்ல, அம்மாவைப் பார்க்கப் போகும் இந்தப் பயணமும்தான்.