கடைசிக் கண்ணாடி

"டேப்பை மேலை இழுக்காதை அக்கா! பின்பக்கமா மடிச்சு, கண்ணாடியோடை சாய்ச்சு இழு. இல்லாட்டிப் பிறைமர் பூச்சும் சேர்ந்து உரிஞ்சு வந்திடும்!"

வலக்கையில் பிளாஸ்டர் கட்டு இல்லாவிட்டால், கிருஷாந் அந்த மேசைக்குக் கிட்ட ஒருவரையும் விட்டிருக்க மாட்டான். ஆறு மாதமாக அவன் செய்த டகோட்டா விமானத்தின் சிறு மாதிரி அதில் நின்றது. வண்ணம் அடித்த அன்றே மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான். விமானி அறைக் கண்ணாடிகளை மறைத்து ஒட்டிய டேப், தகரக் கூரைச் சூட்டில் நாலு நாள் கிடந்து இறுகிப்போயிருந்தது.

ஐந்து மணிக்குக் கண்காட்சி மண்டபத்தில் ஒப்படைக்க வேண்டும். இணுவிலிலிருந்து அரைமணி நேரம். இப்போதே நாலு பத்து.

ஐந்து கண்ணாடிகள் முடிந்துவிட்டன. மிச்சம் ஒன்று.

ஆரணியின் விரல்களில் டேப்பைப் பிடிக்கும் சிறு இடுக்கியான சாவணம் நடுங்கியது.

"உனக்கேன் இப்பிடி வேர்க்குது?"

"உன்ரை ஆறு மாசமெல்லோடா. பிழையாப் போனா நான் என்ன செய்யிறது?"

"பளையிலை ஒப்பீசிலை பைல் அடுக்கிற கைக்கு நுணுக்கமான வேலை எங்கை பழக்கம்!"

"வாயை மூடு. மூச்சும் விடாதை."

டேப்பின் முனை எழும்பியது. பாதி வந்தது. முக்கால்...

'பிட்' என்று ஒரு சத்தம்.

"போச்சு!"

சட்டத்தில் கடுகளவு வண்ணம் அடிப்பூச்சோடு கழன்று, உள்ளிருந்த கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது.

"உன்னட்டைக் குடுத்தது என்ரை பிழை. ஒரு துண்டு டேப், அக்கா! அதுக்குக் கூடவா கை நடுங்கும்?"

ஆரணிக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் அவன் தணிந்தான். இடக்கையால் தூரிகையை எடுத்து, அந்த இடத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு பொட்டு வைத்தான்.

"சரி, அழாதை. தள்ளி நிண்டு பாத்தாத் தெரியாது. ஓட்டோவைக் கூப்பிடு."

திங்கட்கிழமை காலை ஏழு மணி. பளைக்குக் கிட்ட முகமாலையில், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாத வேலையைத் தொடங்க, ஆரணி முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிவப்புக் கட்டைகளுக்கு நடுவே முழங்காலிட்டாள். மண்ணைத் துகள் துகளாகச் சுரண்டினாள். கண்ணிவெடியின் பச்சை விளிம்பு மெல்லத் தெரிந்தது.

"எத்தினையாவது, பிள்ளை?" தூரத்தில் நின்ற மேற்பார்வையாளர் றோஸ் கேட்டார்.

"இந்த மாசம் பதினொண்டு அக்கா," என்றாள் ஆரணி, கையை நிறுத்தாமலே.