ஒரே பிளக் பாயின்ட்

"அத்தே, அந்த பிளக்கை மட்டும் புடுங்கிடாதீங்க! கேம் போயிடும்!" காலை ஷிஃப்டுக்குக் கிளம்பிய காவேரி கெஞ்சினாள்.

"மிச்சம் இருக்கிறது ஒரே பாயின்ட். அதுல உங்க கேமை சொருகிட்டா செட்டாப் பாக்ஸ எங்க சொருகுறது? மத்தியான சீரியல் இன்னா ஆச்சுன்னே தெர்ல" என்று மாமியார் கனகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

காவேரிக்குக் காலை ஷிஃப்ட். கணவன் எழிலரசனுக்கு மாலை ஷிஃப்ட். இருவருக்கும் ஒரகடத்துத் தொழிற்சாலையில்தான் வேலை, ஆனால் கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்த்துப் பேச முடிகிறது. அதனால்தான் அவன் பள்ளி நாளில் விளையாடிய கேசட் கேமைப் பரணிலிருந்து இறக்கினார்கள். ஒருவர் ஆடிவிட்டு, பாஸ் பட்டனை அழுத்தி ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து தொடர்வார். லைனில் ஷிஃப்ட் கைமாறுவது மாதிரியேதான்.

அந்தக் காலத்துப் பெட்டி, மெமரி கிடையாது. கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான். இப்போது கடைசிக் கட்டத்து டிராகன் மட்டும் பாக்கி. நாளை ஞாயிறு, இருவரும் சேர்ந்தே அதைக் கொல்வதாகப் பேச்சு.

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே வந்ததும் எழிலரசனின் போன்.

"காவேரி, இன்னிக்கு ஷட்டவுனாம். நான் கெளம்புற வரைக்கும் கரண்ட் இல்ல. எல்லாம் போச்சு."

கம்பெனி பஸ்ஸில் மணிமங்கலம் வீடு வரும்வரை அவளுக்கு அதே நினைப்புதான். விளையாட்டுத்தான், இருந்தாலும் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அது.

வீட்டில் கரண்ட் வந்திருந்தது. டிவியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதே டிராகன், நிறுத்திவைத்த அதே இடத்தில்! நேற்று இரண்டு உயிர்தான் மிச்சம். இன்று ஐந்து.

"அத்தே... இது எப்பிடி?"

கனகம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"உன் புருஷன் சின்ன வயசுல ஸ்கூலுக்குப் போனப்புறம் பகல்ல இத யாரு ஆடிக்கினு இருந்தாங்கன்னு நெனச்சே? தெனமும் சீரியலுக்காகப் புடுங்கிட்டு, நீ வர்றதுக்குள்ள அதே எடத்துல கொண்ணாந்து நிறுத்துறேன். இன்னிக்கு கரண்ட் லேட்டா வந்துச்சா, அவசரத்துல மூணு உயிர சாவடிக்க மறந்துட்டேன்!"