பொன்னாடையின் இரு முனை

பொன்னாடையை அவன் கையில் திணித்தார்கள்.

"விரிச்சுப் போர்த்திட்டுத் தள்ளி நின்னுக்கோ, மாசாணம்," என்றார் மேலாளர்.

மாவட்டக் கல்வி அலுவலகத்தைக் கூட்டுவதும் தண்ணீர் பிடித்து வைப்பதும் அவன் வேலை. அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டது. மத்தியானம் பிரியாணி. அதற்கு முன்னால் இந்தக் கூத்து.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "கடைநிலை ஊழியர் கையால போர்த்திக்கிறதுதான் எனக்குப் பெருமை."

கை தட்டினார்கள்.

பெருமையாமே.

பள்ளிக்கூடம் கூட்டுகிறவர்கள், இவன், எல்லாருடைய சம்பளப் பட்டியலும் அந்த ஆளின் மேசையில் கிடக்கிறது. பொங்கலிலிருந்து கிடக்கிறது. கேட்டபோது நிதி வரவில்லை என்றார். நிதி வந்தது. மறுபடி கேட்டபோது, போகிற நேரத்தில் எனக்கெதற்கு வம்பு, வருகிறவர் பார்த்துக்கொள்வார் என்றார்.

வருகிறவர் லட்சணம் அவனுக்குத் தெரியும். நல்ல நாள் பார்த்து வந்து உட்காருவார். அவருடைய மாதிரிக் கையெழுத்து ஒப்புதலுக்காகக் கருவூலத்துக்குப் போகும். அங்கே தூங்கும். எழுந்து வருவதற்குள் அவருக்கும் மாற்றல் வந்துவிடும்.

அன்பளிப்புக் குத்துவிளக்குக்கும் பிரியாணிக்கும் மட்டும் ஒரே நாளில் வசூல் முடிந்தது. அவனையும் விடவில்லை. கைமாற்று வாங்கிக் கொடுத்தான்.

போர்த்தினான்.

அதிகாரி சிரித்தபடி கேமராவைப் பார்த்தார்.

அவன் முனைகளை விடவில்லை.

"பெரியவரே, போதும், கையை எடுங்க," என்றான் போட்டோ பிடிக்கிறவன்.

இரண்டு முனைகளையும் ஒரே பிடிக்குள் சேர்த்தான், மாட்டைத் தும்புக் கயிற்றோடு பிடிக்கிற மாதிரி.

அதிகாரியின் சிரிப்பு நின்றது.

"கையெழுத்தைப் போட்டுட்டுப் போங்கய்யா. இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் உங்க கையெழுத்துதான் செல்லும்."

"யோவ், வேலை போயிரும்யா!" மேலாளர் பதறினார்.

"சம்பளமில்லாத வேலைதான? போகட்டும்."

இப்போது யாரும் கை தட்டவில்லை.

விலக்கிவிடவும் யாரும் வரவில்லை.

கணக்குப் பிரிவு ஜெயசீலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அவளை அவன் ஒருநாளும் நம்பியதில்லை. எல்லாம் ஒரே கூட்டம். கையைப் பிடித்து இழுக்கத்தான் வருகிறாள்.

பிடியை இறுக்கினான்.

அவள் அவனைத் தாண்டி அதிகாரியின் அறைக்குள் போனாள்.

திரும்பி வந்தபோது கக்கத்தில் பட்டியல் கட்டு.

கையில் அதிகாரியின் பச்சை மைப் பேனா. மூடியைக் கழற்றியே கொண்டுவந்தாள்.