இருபத்தோராவது சிவப்பு

கண்ணாடிப் பலகையில் விளக்கு சிவந்ததும் அதன்மேல் வைத்த கையை எடுத்துவிட வேண்டும். வேலை கேட்டு வந்தவர்களில் யாருக்கு மிஷினில் அடிபடும், யாருக்குப் படாது என்பதைப் பலகையே கணித்துச் சொல்லிவிடும். அடிபடுகிறவனுக்கு அந்தக் கம்பெனியில் இடமில்லை.

எட்டு மாதமாக வேலையில்லாத அங்கமுத்து இதற்காக வீட்டில் பதினேழு நாள் பழகியிருந்தான். சமையல் மேடையில் அவன் விரல்களை விரித்து வைப்பான். மனைவி தெய்வானை முகத்தைத் திருப்பிக்கொண்டு பூரிக்கட்டையை ஓங்கிப் போடுவாள். முதல் வாரத்தில் சுண்டுவிரல் நகம் போனது. அப்புறம் ஒரு அடிகூட அவன்மேல் விழவில்லை.

இருபது தடவை விளக்கு சிவந்தது. இருபது தடவையும் அவன் கை அங்கே இல்லை.

"நூத்துக்கு நூறுங்க சார். இதுவரைக்கும் யாரும் இத்தன வாங்குனதில்லீங்க" என்றாள் சோதனை நடத்திய பெண்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "அப்பறமென்ன, இவர தகடு அடிக்கிற நாலாம் நம்பர் பிரஸ் மிஷின்ல நிறுத்தும்மா. மூணு பேருக்கு விரல் போனதுல இருந்து அதுல நிக்க ஆளே இல்ல. கை உள்ள போகாம தடுப்பு மாட்டோணும், தடுப்பு மாட்டோணும்னு உசுர எடுத்தானுக. இவருக்குத்தான் அடியே படாதே, தடுப்பு எதுக்கு?"

உள்ளே ஏதோ ஒரு பிரஸ் இறங்கியதில் காலடித் தரை அதிர்ந்தது. அணைக்க மறந்திருந்த பலகையில் விளக்கு மறுபடியும் சிவந்தது. சத்தம் வந்த பக்கம் திரும்பியிருந்த அங்கமுத்துவின் கை அதன்மேல் அப்படியே இருந்தது.