சிவப்பு ஒயர்

"இது உன் கை வேலைதானே?"

காரிலிருந்து கழற்றிய மியூசிக் செட்டைப் பெரியவர் மேசைமேல் வைத்த வேகத்தில் திருகாணி டப்பா கவிழ்ந்தது.

கார் செட்டு ரிப்பேர் கடைக்காரருக்கு அந்தத் தெருவில் 'ஸ்பீக்கர்' என்று பட்டப்பெயர். வாய் ஓயாத மனிதர் என்பதால் வைத்தது. கேசட் மட்டும் பாடிய பழைய செட்டுகளைப் பிரித்து, பென் டிரைவும் போனும் பாடும்படி மாற்றிக் கொடுப்பதில் ஆள் கெட்டிக்காரர். வண்டியின் குலுக்கலில் ஒயர் விட்டுப் போகாமல் இருக்க, ஈயத்தால் பற்ற வைத்த ஒவ்வொரு இடத்திலும் மனைவியின் நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைப்பது அவர் வழக்கம். செட்டின் மேல்மூடி திறந்தே இருந்தது. உள்ளே அந்தச் சிவப்புச் சொட்டுகள் தெரிந்தன.

"என் வேலைதாங்கய்யா. ஏன், பாடலையா?"

"பாட்டுக் கேக்கறவ போயிட்டா. என் பொண்ணு. நாலு மாசம் ஆச்சு."

கவிழ்ந்த டப்பாவை நிமிர்த்தப் போன கையை ஸ்பீக்கர் இழுத்துக்கொண்டார்.

பெரியவருக்குப் பின்னால், வாசற்படிக்குக் கீழேயே ஒருவர் நின்றுவிட்டார். சவரம் காணாத முகம், இடுப்பில் நிற்காத பேண்ட். பார்க்கவே பாவமாக இருந்தது.

"என் மாப்பிள்ளை. வண்டி ஓட்டினது இவர்தான். இருட்டிட்டு வர்ற நேரம், போய் மரத்துல மோதிடுச்சு. எப்படின்னு இவருக்கு ஞாபகமே இல்ல. தூங்கித்தான் போயிருப்பேன், நானே அவளைக் கொன்னுட்டேன்னு சோறு தண்ணி இல்லாம கிடக்கார். போன வாரம் உயிரையே விடப் பார்த்தார்."

"வேண்டாம் மாமா. வாங்க, போகலாம்."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. தம்பி, வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இது மட்டும் வீட்டுல கிடந்துச்சு. நேத்து திறந்து பார்த்தா ஒரு ஒயர் தொங்குது. அது கழண்டா என்ன ஆகும்? உள்ளதைச் சொல்லு."

ஹெட்லைட்டுக்குப் போகும் லைனிலிருந்துதான் அந்தச் செட்டுக்கும் ஸ்பீக்கர் கரண்ட் எடுத்திருந்தார். சுலபமான வழி, எல்லோரும் செய்வதுதான். ஆனால் சிவப்பு ஒயர் கழன்று தகரத்தில் பட்டால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் விளக்கும் போகும். இருட்டில், ஓடுகிற வண்டியில்! இருபது வருடத்தில் அவர் பற்ற வைத்தது விட்டுப் போச்சு என்று ஒருவரும் வந்ததில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் கடையே ஓடுகிறது. லென்ஸை இழுத்து வைத்துக்கொண்டு குனிந்தார்.

சிவப்பு ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் செம்பு நுனி லென்ஸுக்கு அடியில் பளிச்சென்று தெரிந்தது. இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து பெரியவரின் முகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை என்ன வேலை பாக்கறாருங்கய்யா?"

"மோட்டாருக்குச் செம்புக் கம்பியில காயில் கட்டுறவர். இப்ப எங்க வேலைக்குப் போறார்? அதை விடு. கேட்டதுக்குப் பதில் சொல்லு!"

மருமகன் மெல்லப் படியேறி வந்தார். "எங்க, நான் பாக்கட்டுமா?"

ஸ்பீக்கர் சட்டென்று சால்டரிங் அயர்னை எடுத்தார். ஈயம் உருகிப் புகை எழுந்தது. மருமகன் மேசைக்கு வந்து சேர்வதற்குள் ஒயர் பழையபடி போர்டில் ஒட்டிக்கொண்டது. மேலே நெயில் பாலிஷ் சொட்டும் விழுந்துவிட்டது.

"டேய்! என் கண்ணு முன்னாலயே தடயத்தை அழிக்கிறியா?"

பெரியவரின் கை ஸ்பீக்கரின் கன்னத்தில் இறங்கியது. எதிர்ச் சாரிக் கடைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"தப்பு என்னுதுதாங்க," என்றார் ஸ்பீக்கர், தெருவுக்கே கேட்கும்படி. "சரியா பத்த வைக்கல. கழண்டு ஃபியூஸ் போயிருக்கு. ஓடற வண்டியில விளக்கு அணைஞ்சா எப்பேர்ப்பட்டவரும் என்ன செய்ய முடியும்? சார், நீங்க தூங்கலை."

மருமகன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப... நான் தூங்கலையா மாமா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். பெரியவர் அவரைத் தூக்கி நிறுத்தி, தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போனார். படியிறங்கும்போது, "பசிக்குது மாமா," என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

வேடிக்கை பார்த்தவர்கள் கலைய நேரமாயிற்று. காலையில் செட்டு மாற்றக் கொடுத்திருந்த ஒருவர் வந்து, "நான் வேற இடத்துல பாத்துக்கறேன்," என்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஸ்பீக்கர் கீழே சிதறிய திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

மருமகனைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர் மட்டும் திரும்பி வந்தார். செட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பீக்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிடு தம்பி. அடிச்சாத்தான் அவர் நம்புவார்னு அடிச்சேன். அவர் தூங்கித்தான் போயிட்டார். ஆஸ்பத்திரியில என் பொண்ணு கடைசியா சொன்னது அதுதான். 'அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா'ன்னா. அந்த ஒயரை இன்னிக்குக் காலையில நான்தான் வெட்டினேன்."

"தெரியுங்கய்யா," என்றார் ஸ்பீக்கர். "நாலு மாசமா அறுந்து கிடந்தா செம்பு கறுத்துப் போயிருக்கும். காயில் கட்டுறவர் கண்ணுல பட்டா கண்டுபிடிச்சிடுவாரேன்னுதான் அவசரமா பத்த வெச்சேன்."