பின்னால் ஒரு வெளிச்சம்

"ஒரு பக்கத்துக்கு ஒண்ணா? மொத்தம் ரெண்டா? அக்கா, இது பிக்அப்பா, தைப்பூச ரதமா?"

கால்வின் சிரித்துக்கொண்டே வண்டியின் பின்பக்கம் குனிந்தான். வாகனங்களுக்கு விளக்கும் ஹாரனும் மாட்டித் தரும் சின்னக் கடை அவனுடையது. பண்டமாரான் வட்டாரத்தில் லோரிக்காரர்கள் பாதிப் பேர் அவனிடம்தான் வருவார்கள்.

"ரெண்டும்தான் தம்பி," என்றாள் மாதவி. "பம்பருக்குக் கீழ மாட்டு. தரையில வெளிச்சம் விழணும்."

"தரையில எதுக்குக்கா? எல்லாரும் பின்னால நிக்கிற கார் தெரியணும்னுதான் கேப்பாங்க."

"எனக்குத் தரைதான் தெரியணும்."

கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், வண்டிக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார் கன்னையா. வண்டி அவருடையது. ஆனால் ஓட்டி வந்தது மாதவி. வழி முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தார்.

"என்ன அண்ணே, வண்டிய அக்காகிட்ட குடுத்துட்டு ஹாயா உக்காந்துட்டீங்க? வீட்ல யாரு பாஸுன்னு தெரிஞ்சுபோச்சு லா!"

கன்னையா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவர விடு தம்பி." மாதவி குரலைத் தாழ்த்தினாள். "மாசக்கணக்கா சாவியத் தொடல. காய்கறி ஏத்திக்கிட்டுப் பாசாருக்குப் போய் வித்தாத்தான் பொழப்பு. சரியா சாப்பிடறதுமில்ல. இன்னிக்கு எப்படியாவது அவர் டிரைவர் சீட்ல உக்காரணும். அதுக்குத்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

"ஏன், எங்கயாவது இடிச்சிட்டாரா? சுவத்துலயா?"

"ஒரு பிள்ள மேல ஏத்திட்டார்."

கால்வினின் கையில் ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது.

"தீபாவளிக்கு முந்தின நாள். இன்னும் விடியல. பாசாருக்குக் கிளம்பி வண்டியப் பின்னால எடுத்தார். ஆறு வயசுப் பிள்ள, வாசக் கோலத்துக்குக் கலர் போட்டுக்கிட்டு வண்டிக்குப் பின்னால உக்காந்திருந்துச்சு. கண்ணாடியில பாத்தேன், ஒண்ணுமே தெரியலன்னு சொன்னார். பொய் சொல்ற ஆள் இல்ல."

"பிள்ள...?"

மாதவி உதட்டைக் கடித்துக்கொண்டு, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கால்வின் வயரைச் சீவினான். ஆனால் அவனால் அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. எனக்கும் வீட்ல ஒரு பொண்ணு இருக்கு. புருஷன் பொழைக்கணும்னு நீங்க லைட் மாட்டுறீங்க, சரி. அந்தப் பிள்ளையப் பெத்தவ என்ன ஆனா? இவர் மறுபடி ஸ்டியரிங் பிடிக்கிறதப் பாத்தா அவளுக்கு வயிறு எரியாதா?"

"ரிவர்ஸ் லைட் வயர்லயே சேர்த்துக் குடு தம்பி. கியர் போட்டா தானா எரியணும். தனி சுவிட்ச் வேணாம். அவசரத்துல போட மறந்துடும்."

அவள் பதில் சொல்லாமல் நழுவியது கால்வினுக்கு எரிச்சலாக இருந்தது. அவள் கேட்ட மாதிரியே ரிவர்ஸ் வயரோடு சேர்த்து முடுக்கினான். வேலை முடிந்தபோது வானம் கறுத்து, நாலு மணிக்கே கடைக்குள் இருட்டு வந்துவிட்டது.

மாதவி போய்ச் சாவியை நீட்டினாள். கன்னையா இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"வேணாம். வண்டிய வித்துடறேன்."

"வித்துட்டு?"

"என்னவோ ஆகட்டும். நான் இருந்து என்ன பண்ணப்போறேன்?"

மாதவி சாவியை அவர் மடியில் போட்டாள். நேராக வண்டியின் பின்பக்கம் போனாள். சிமெண்டுத் தரையில், பம்பருக்குச் சில அடி பின்னால், ஓரமாகச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா! என்ன வேலை இது? எந்திரிங்க!" கால்வின் பதறிப்போய் ஒரு கட்டையை எடுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் செருகினான்.

"எஞ்சின் வேணாம்!" அவள் கன்னையாவுக்குக் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னாள். "சாவியத் திருப்பி ரிவர்ஸ் கியர் மட்டும் போடுங்க. நான் தெரியறேனான்னு கண்ணாடியில பாத்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

கன்னையா எழுந்தார். கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார். கியர் விழும் சத்தம் கேட்டது.

பளீரென்று வெள்ளை வெளிச்சம் தரையெங்கும் கொட்டியது. மாதவி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். இடத்தைவிட்டு அசையவில்லை.

"தெரியுதா?"

முன்னாலிருந்து ஒரு விம்மல்தான் முதலில் வந்தது.

"தெரியுது மாதவி... அன்னிக்கு உங்க வீட்டு வாசல்ல உன் மக உக்காந்திருந்த எடம், இப்பத் தெரியுதும்மா."